பழைய ஜீப் பிக்கப் மீளமைப்பு

பழைய ஜீப் பிக்கப் மீளமைப்பு என்பது, உற்பத்தி நின்றுபோன ஜீப் வகைச் சிறு சுமையுந்துகளில் பிற்கால வாகனங்களிலிருந்து கழற்றிய எஞ்சின், கியர் பெட்டி, பிரேக், மின்கருவிகள் முதலியவற்றைப் பொருத்தி மீண்டும் ஓடச் செய்யும் பட்டறைத் தொழில் ஆகும். உறுப்பு தரும் வாகனத்தைக் கொடை வண்டி என்றும், பெறும் வாகனத்தை ஏற்பு வண்டி என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. எல்லா உறுப்புகளையும் முதலில் இருந்தபடியே மீட்டெடுக்கும் பழமைப் பாதுகாப்பிலிருந்து இது வேறுபட்டது. இவ்வேறுபாடு தொழில்நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. வண்டி சாலையில் ஓடலாமா என்பதையே இந்தியச் சட்டத்தில் அது தீர்மானிக்கிறது.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம், 1940களின் இறுதியில் பம்பாயின் மசகான் பகுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை உதிரியாக இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கியது. 1965இல் எஃப்.சி.-150 என்னும் சிறு சுமையுந்தின் உற்பத்தி தொடங்கியது. இதில் ஓட்டுநர் அறை எஞ்சினுக்குப் பின்னால் அன்றி அதன் மேலேயே அமைந்திருந்தது. அதனால் குட்டையான சட்டகத்திலும் சரக்குத் தட்டுக்குப் போதிய நீளம் கிடைத்தது. ஆனால் ஓட்டுநரின் பக்கத்திலேயே எஞ்சின் சூடும் இரைச்சலும் குடியிருந்தன.

அக்கால ஜீப்புகளில் இருந்தது 2199 கன செ.மீ. கொண்ட ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் ஆகும். இதன் உள்ளிழு வால்வு தலைப்பகுதியிலும், வெளியேற்று வால்வு பிளாக்கிலும் அமைந்தவை. எளிமையானது, உழைக்கக் கூடியது, ஆனால் பெட்ரோலைக் குடிப்பது. 1970களில் எரிநெய் விலை ஏறியபோது மகிந்திரா தானே டீசலுக்கு மாறத் தொடங்கியது. முதலில் டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினும், 1980களில் 2112 கன செ.மீ. பியூஜோ எஞ்சினும், பின்னர் 2523 கன செ.மீ. நேரடிச் செலுத்து எஞ்சினும் ஜீப்புகளில் இடம்பெற்றன. பட்டறைகள் பழைய பெட்ரோல் வண்டிகளில் இந்த எஞ்சின்களையே ஏற்றின. தொழிற்சாலை செய்ததைத்தான் பட்டறையும் பின்தொடர்ந்தது எனலாம்.

மதுரைக்கு இவ்வகை மாற்றம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டால் பேருந்துகள் நிற்கும் நிலை வந்தபோது, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் அடுப்புக்கரியிலிருந்து எரிவளி உண்டாக்கும் கலன்களைத் தயாரித்து வாகனங்களில் பொருத்தியது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பணியும் அதே தட்டுப்பாட்டின் விளைவாக அங்கே வளர்ந்தது.

கொடை வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

கொடை எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பார்த்துத் தேர்வு செய்வது தொடக்கநிலையாளர் செய்யும் தவறு. நீளம், உயரம், எடை, எண்ணெய்த் தொட்டியின் ஆழம் ஆகியவற்றையே முதலில் அளக்க வேண்டும். எஃப்.சி. வகையில் எஞ்சின் இருக்கைகளுக்கு இடையில் இருப்பதால் உயரமான எஞ்சின் எதுவும் அறைக்குள் அடங்காது.

எஞ்சினை ஏற்பு வண்டியின் கியர் பெட்டியுடன் இணைக்க இடைத்தட்டு ஒன்றை லேத்தில் கடைந்து எடுக்கின்றனர். கிராங்க் தண்டின் அச்சும் கியர் பெட்டியின் உள்வரு தண்டின் அச்சும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். மில்லிமீட்டரின் பத்தில் ஓரிரு பங்கு விலகினாலும் கிளட்ச் தட்டின் பற்கள் தேய்ந்து, முன் பேரிங் விரைவில் கெடும். எனவே, ஒரே கொடை வண்டியிலிருந்து எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்த்தே எடுப்பது செலவு கூடினாலும் நல்லது. அப்போது வேலை பின்னால் உள்ள புரொப்பெல்லர் தண்டின் நீளத்திற்கு நகர்ந்துவிடுகிறது.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய வில்லிஸ் வடிவமைப்பில் பகிர்வுப் பெட்டியின் வெளிவாய் வண்டியின் நடுவில் இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். அச்சுகளின் கிரவுன்-பினியன் உறையும் அதற்கேற்ப ஒதுங்கியிருக்கும். நடுவில் உறை கொண்ட புதிய அச்சை அப்படியே மாட்டினால் தண்டு சாய்வாக ஓடி, அதன் மூட்டுகள் நொறுங்கும்.

பற்சக்கர விகிதக் கணக்கு

பழைய ஜீப் அச்சுகளில் பெரும்பாலும் 5.38 என்ற விகிதம் இருந்தது. 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.26 மீட்டர் உருளும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுழல, உச்ச கியரில் நேர்விகிதம் என்று கொண்டால், வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 75 கி.மீ. மட்டுமே. அதே சுற்றில் 4.27 விகிதமுள்ள அச்சு மணிக்கு 95 கி.மீ. தரும். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுவிசை தருவதால் இந்த மாற்றத்தைத் தாங்கும். ஆனால் வண்டி சுமையோடு மேடேற வேண்டியதாயின் பழைய விகிதத்தை விடாமல் இருப்பதே அறிவு.

பிரேக்

மீளமைப்பில் உயிருடன் நேரடித் தொடர்புடைய பகுதி இதுவே. வியப்பாக, கடைசியில் பணம் மிச்சப்படுத்தப்படுவதும் இங்கேதான்.

பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கும், ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் இருந்தன. ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். கொடை வண்டியின் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றினால் ஒரு சுற்று பழுதானாலும் மற்றது பிடிக்கும். எஞ்சினைத் தொடுவதற்கு முன் இம்மாற்றத்தைச் செய்வது விரும்பத்தக்கது.

முன்சக்கரத்தில் தட்டு பிரேக் பொருத்துவோர் மாஸ்டர் சிலிண்டரின் உள்வால்வைக் கவனிக்க வேண்டும். டிரம் பிரேக்குக்குரிய சிலிண்டர் குழாயில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும். ஏறத்தாழ சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டு. அதே அழுத்தம் தட்டு பிரேக்கில் நின்றால் கட்டைகள் தட்டை உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். தட்டு பிரேக்குக்கு இந்த அழுத்தம் ஏறத்தாழ 2 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

பெட்ரோல் எஞ்சினை எடுத்து டீசல் எஞ்சினை ஏற்றும்போது பலர் மறப்பது வெற்றிட ஊக்கியை. பெட்ரோல் எஞ்சினின் காற்றுவழியில் திராட்டில் மூடி இருப்பதால் அதன் பின்புறம் வெற்றிடம் உண்டாகும். பிரேக் ஊக்கி அதைக் கொண்டே இயங்கும். டீசல் எஞ்சின்களில் பொதுவாக அத்தகைய வெற்றிடம் கிடைப்பதில்லை. எனவே, கொடை வண்டியின் வெற்றிடப் பம்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பொருந்தியிருக்கும். பம்பு இல்லாமல் ஊக்கியை மட்டும் மாட்டினால் மிதி கல்லாக இறுகிவிடும். சமதளத்தில் இது ஒருவேளை தெரியாமல் போகலாம். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் வளைவுச் சாலையில் சுமையோடு இறங்கும்போது உடனே தெரிந்துவிடும்.

மின்னமைப்பும் உடற்கூடும்

தொடக்ககால ஜீப்புகளில் 6 வோல்ட் அமைப்பு இருந்தது. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரைப் பொருத்தி 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது விளக்கு, ஹாரன், எரிநெய் அளவுமானி ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். பியூஜோ வகை எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் கம்பிகள் தனியே தேவை.

உடற்கூட்டில் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தல் வேண்டும். துருவின் மீது பட்டி பூசி வண்ணம் அடித்த வண்டி ஒரு மழைக்காலத்திலேயே உண்மையைச் சொல்லிவிடும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு விதிகளுக்கு உட்பட்ட மாற்றுத் தொகுப்பு மட்டுமே விலக்கு. எஞ்சினை மாற்றப் பதிவு அலுவலரின் ஒப்புதல் தேவை. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரி 9 அன்று அளித்த தீர்ப்பு இந்தக் கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டையும் விதிக்க வழிசெய்கிறது.

2021இல் வெளியிடப்பட்ட பழம்பெரும் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடற்ற இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5000 ரூபாயும் கட்டணம். ஆனால் சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அன்றாடப் பயணத்திற்கும் ஓட்டக் கூடாது. ஆகவே, 1965ஆம் ஆண்டு பிக்கப் ஒன்றில் டீசல் எஞ்சினை ஏற்றியவர் அந்த வண்டியை ஓடவைத்த அதே வேலையாலேயே அதன் பழம்பெரும் தகுதியை இழக்கச் செய்கிறார். ஒப்புதல் பெறாவிடில் சாதாரணப் பதிவும் ஐயத்திற்குரியதாகிவிடும். பிரேக், மின்னமைப்பு போன்ற பாதுகாப்பு மேம்பாடுகளுக்கும் எஞ்சின் மாற்றத்திற்கும் இடையே சட்டம் தெளிவான வேறுபாடு காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உதிரி உறுப்புகள்

சென்னைப் புதுப்பேட்டை பழைய வாகன உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். இத்தகைய சந்தைகளில் எஞ்சின் வாங்குவோர் விற்பனைச் சீட்டையும், எஞ்சின் எண் பொறித்த இடம் சுரண்டப்படாமல் இருப்பதையும் பார்த்து வாங்க வேண்டும். எண் அழிந்த எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதைப் பதிவுச் சான்றில் ஏற்ற முடியாது. திருட்டு வழக்கில் சிக்கும் வாய்ப்பும் உண்டு. கழற்றிய பெட்ரோல் எஞ்சினை இரும்பு விலைக்கு விற்றுவிடாமல் எண்ணோடு பாதுகாத்து வைப்பது நல்லது. பின்னொரு நாளில் வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்ப அந்த எஞ்சின் தேவைப்படும்.