மச்சான் பிடித்த கயிறு

பேரன் அந்தமானுக்குப் போகிறான். ஸ்கூபா பயிற்சியைப் போன வருஷமே முடித்துவிட்டான். இப்போது ஹேவ்லாக் தீவில் நண்பர்களோடு முழுகப் போகிறானாம். கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலைக் காட்டினான். காற்று ஊதினால் ஆள் உயரத்துக்கு நிமிரும் ஆரஞ்சு நிறக் குழாய், விசில், சின்னக் கண்ணாடி, வலை மாட்டிக்கொண்டால் அறுக்க ஒரு கத்தி, டார்ச். "கூட வர்ற வழிகாட்டி எல்லாம் வெச்சிருப்பார் தாத்தா, நான் எதுக்கு இதையெல்லாம் சுமக்கணும்?" என்று கேட்டான். முப்பது வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு "அவர் பார்த்துக்கொள்வார்" என்ற வாக்கியம் புதிதல்ல. அன்று அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவரின் உயிர் படகில் கயிறு பிடித்திருப்பவர் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. தங்கையின் தாலி அவன் கையில் அல்லவா? பிற்காலத்தில் செப்புத் தலைக்கவசம் போட்டு இறங்கியவர்களுக்கும் இதே கதிதான். காற்றுக்குழாயும் கயிறும் மேலே போகும். மேலே ஒருவர் கண்கொட்டாமல் நிற்பார். முழுகுபவர் மூச்சு விடுவதைத் தவிர மற்றதெல்லாம் மேலே இருப்பவர் பொறுப்பு.

அந்தக் கயிறு அறுந்த வருஷம் 1943. பிரான்சு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் வாகனங்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். அதற்கான வாயுச் சீராக்கியைச் செய்துகொண்டிருந்த பொறியாளர் எமில் கஞ்ஞானை, கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ 1942 டிசம்பரில் சந்தித்தார். மூச்சை இழுக்கும்போது மட்டும், இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றுத் தரும் கருவியை இருவரும் உருவாக்கினார்கள். பாரிஸ் பக்கம் மார்ன் நதியில் முதல் சோதனை சரிவரவில்லை. திருத்திய கருவியோடு 1943 ஜூனில் தெற்கே பந்தோல் கடற்கரையில் கூஸ்தோ இறங்கினார்.

பிரெஞ்சில் அந்தக் கருவிக்கு 'ஸ்காஃபாந்த்ர் ஓட்டோனோம்' என்று பெயர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த இரண்டாவது சொல்லின்மேல் எப்போதும் ஒரு கண். ஓட்டோனோம் என்றால் பிறர் கையை எதிர்பாராமல் தானே இயங்குவது. விடுதலை என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே நின்றவர் செய்த வேலை ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் முழுகுபவர் தோளுக்கு இடம் மாறிவிட்டது. இதைப் புரிந்துகொள்ளச் சில வருஷங்களும் ஓர் உயிரும் செலவாயின.

1946 ஆகஸ்டில் கூஸ்தோவும் அவர் நண்பர் ஃப்ரெடெரிக் துமாவும் தென் பிரான்சில் வொக்ளூஸ் நீரூற்றின் குகைக்குள் இறங்கினார்கள். சிலிண்டரில் காற்று நிரப்பிய இயந்திரம், தான் கக்கிய புகையைத் தானே இழுத்து உள்ளே அடைத்திருந்தது. நஞ்சேறிய காற்றில் இருவருக்கும் புத்தி தடுமாறியது. அவர்கள் பிழைத்தது மேலே கயிறு பிடித்திருந்த மோரீஸ் ஃபார்க் என்ற கடற்படை வீரரால்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 17. தூலோன் அருகே, எவ்வளவு ஆழம் போகலாம் என்று சோதித்தார்கள். இந்த முறை இறங்கியவர் ஃபார்க். தொங்கவிட்ட கயிற்றில் வழிநெடுகப் பலகைகள் கட்டியிருந்தன. எட்டிய ஆழத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். கயிற்றைச் சுண்டி "நலம்" என்று சொல்லிக்கொண்டே போனவரிடமிருந்து சற்று நேரத்தில் சேதி நின்றது. இழுத்து எடுத்தார்கள். மூச்சுக்குழாய் வாயிலிருந்து கழன்று தொங்கியது, உயிர் திரும்பவில்லை. 120 மீட்டர் பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. அழுத்தத்தில் நைட்ரஜன் தரும் மயக்கம், குடித்தவன் போல ஆளை மறக்கடித்திருக்க வேண்டும். இருவரைக் கயிற்றால் காப்பாற்றியவரை அதே போன்ற கயிறு காப்பாற்றவில்லை. ஆள் இருக்கிறானா என்பதைத்தான் கயிறு சொல்லும். வாயில் குழாய் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அந்தக் காலகட்டத்திலிருந்து முழுகுபவர் உடம்பில் ஒவ்வொன்றாக ஏறியது. முதலில் ரிசர்வ் வால்வு. காற்று ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் வழியை அடைக்கும். மூச்சு இழுக்கக் கஷ்டமாகும். கையைப் பின்னால் விட்டு ஒரு கம்பியை இழுத்தால் மிச்சக் காற்று வரும். உடனே மேலே கிளம்ப வேண்டியதுதான். ஆனால் இறங்கும்போதே அந்தக் கம்பி எதிலாவது பட்டு இழுபட்டுப் போயிருந்தால் எச்சரிக்கையே வராது. இதனால்தான் கண்ணால் பார்க்கும் அழுத்தமானி பிறகு இன்றியமையாததாயிற்று. 1953-ல் பிரெஞ்சுக் கடற்படை முழுகுவீரர்கள் கேட்டபடி, இறங்கிய நேரத்தைக் குறிக்கச் சுழலும் வளையம் வைத்த கைக்கடிகாரம் ஸ்விட்சர்லாந்தில் தயாரானது. 1961-ல் மோரீஸ் ஃபென்ஸி என்பவர், சிறு காற்றுப்புட்டி இணைத்த, கழுத்தில் மாட்டும் மிதவைப் பைக்குக் காப்புரிமை பெற்றார். மேலே தூக்கிவிட ஆள் இல்லாத குறை அதனால் தீர்ந்தது.

மிதந்தால் மட்டும் போதுமா? 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. தலை எண்ணியதில் பிழை. அவர்கள் இல்லை என்பது தெரிந்ததே இரண்டு நாள் கழித்து. மிதவைச் சட்டைகள் கரை ஒதுங்கின. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு அங்கே தலை எண்ணும் விதிகள் கடுமையாயின. அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. ஆரஞ்சுக் குழாய் அந்தத் தலைக்கு உயரம் தருகிறது. விசில் குரல் தருகிறது. கண்ணாடி வெயிலைத் திருப்பி அடிக்கிறது. மூன்றும் சேர்ந்தாலும் கால் கிலோ தேறுமா என்பது சந்தேகம்.

பேரனிடம் இதைத்தான் சொன்னேன்: "அந்தக் காலத்துல மச்சான் மேலே நின்னான். உனக்கு மச்சான் கிடையாது. உன் மச்சானை நீயேதான் சட்டைப்பையில போட்டு எடுத்துட்டுப் போகணும்." சிரித்தான். மறுநாள் காலை பெட்டியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. விசிலை மட்டும் எடுத்து ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து மருமகள் ஓடி வந்தாள். வேலை செய்கிறது.