தட்டில் மாப்பொருள் மட்டும் போதுமா?

காலையில் இடியப்பம் அல்லது பாண், நண்பகலில் சோறு, இரவில் புட்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வீடுகளின் நாளாந்த உணவு இதுவே. பெயர்கள் வேறாயினும் மூன்று வேளையும் நாம் உண்பது பெரும்பாலும் மாப்பொருளையே.

2005-2006 காலப்பகுதியில், போர் காரணமாக வடக்கும் கிழக்கும் உள்ளடக்கப்படாது நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது. 2018-2019 ஆய்வில் அது ஐவரில் ஒருவருக்கு மேல் என உயர்ந்திருந்தது. இந்நிலையில் நமது உணவின் உள்ளடக்கத்தை நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

மாப்பொருளும் சீனியும் காபோவைதரேற்று வகையைச் சேர்ந்தவை. ஒரு கிராம் ஏறத்தாழ 4 கிலோ கலோரி சக்தியைத் தரும். மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைந்து குருதியில் கலக்கிறது. தவிடு நீக்கிய வெள்ளை அரிசியிலும் கோதுமை மாவிலும் இது விரைவாக நிகழும். தவிடு போகாத மொட்டைக்கறுப்பன் அரிசியில் நார்ப்பொருள் கூடுதலாக உண்டு. குரக்கன் புட்டை எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணம் தவறானது. குரக்கனும் மாப்பொருளே, அளவு மிஞ்சினால் குருதியில் குளுக்கோசு உயரும்.

தசை வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்புக்கும் புரதம் தேவை. ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் வேண்டும். 50 கிலோ நிறையுடையவருக்கு 40 கிராம். மீனும் முட்டையும் இறைச்சியும் வாங்க இயலாதோருக்குப் பயறு, உழுந்து, கடலை கைகொடுக்கும். தானியங்களில் குறைவான லைசின் பருப்பு வகைகளில் உண்டு. பருப்பு வகைகளில் குறைவான மெதியோனின் தானியங்களில் உண்டு. அரிசியும் உழுந்தும் கலந்த தோசையில் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

நார்ப்பொருள் செரிமானமாவதில்லை. ஆயினும் அது குளுக்கோசு உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தி, மலச்சிக்கலைத் தடுத்து, கொலஸ்திரோலைக் குறைக்க உதவுகிறது. வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் உட்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2023 இல் பரிந்துரைத்தது. முருங்கை இலையும் வாழைப்பொத்தியும் கீரை வகைகளும் நமது வளவிலேயே கிடைக்கின்றன.

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு புரதம், கால்பங்கு சோறு என்பது எளிய அளவுகோல். ஆலய அன்னதானத்தில் ஒரு கீரைக்கறியையும் நோன்புக் கஞ்சியில் ஒரு பிடி பயற்றையும் சேர்ப்பது பெருஞ்செலவன்று. சிறுநீரக நோயாளரும் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளரும் முன்கூட்டியே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். சோற்றைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அதன் அருகே கறிகளுக்கு உரிய இடத்தைக் கொடுக்குமாறே கேட்கின்றோம்.