25 எழுத்து விடுபட்ட கதை

எங்கள் பெரியப்பா தினமும் காலையில் ஜெலுத்தோங் சந்தைக்கு நடந்தே போய் வருவார். 50 வயதைத் தாண்டியதும் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதயச் செயலிழப்பு என்றார் டாக்டர். அவருடைய அப்பாவும் அப்படித்தான் போனார். "நம்ம குடும்பத்துத் தலையெழுத்து" என்று பாட்டி சொல்லிவிட்டார்.

பாட்டி சொன்னதில் ஓர் எழுத்துச் சங்கதி இருக்கத்தான் செய்கிறது.

2009இல் 'நேச்சர் ஜெனட்டிக்ஸ்' இதழில் தண்டபாணி, தங்கராஜ் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசையின் சுருக்கத்தைச் சீராக்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட நிலை, தெற்காசியர் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இருந்தது. மலேசியாவில் எடுத்த மாதிரிகளிலும் தென்பட்டது. கப்பலேறிப் பினாங்குக்கு வந்த நம் பாட்டன்மார் சிலரும் இதைச் சுமந்து வந்திருப்பார்கள்.

எழுத்து விட்டால் பொருள் திரியும், நமக்குத் தெரியாததா? இங்கே புரதத்தின் வால்பகுதி திரிந்துவிடுகிறது. ஆனாலும் இளமையில் ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

உயிரணுவுக்குள் துப்புரவுப் பணி நடக்கிறது. பழுதான புரதத்தின்மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் சீட்டுப்போல ஒட்டிக்கொள்ளும். சீட்டு ஒட்டியதைப் புரோட்டியாசோம் துண்டு துண்டாக்கும். இதைக் கண்டறிந்த சியெக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். வயது ஏற ஏற இந்தத் துப்புரவு தளர்கிறது. எங்கள் ஊர்க் குப்பைமேட்டைப் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. திரிந்த புரதம் தேங்கித் தேங்கி, நடுவயதுக்குமேல் இதயத்தைப் பாதிக்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்களே! ஏறத்தாழ 30,000 ஆண்டுகளாக இந்தப் பிழை கைமாறி வந்ததற்கு அதுதான் காரணம்.

வகுப்பில் சொன்னால், "அப்போ எனக்கும் வருமா, டீச்சர்?" என்று கட்டாயம் ஒரு குரல் எழும். பயமுறுத்தாதீர்கள். அமெரிக்காவாழ் தெற்காசியரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. இந்தப் பிழையோடு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தவர்களிடம்தான் இதயம் அளவுக்கு மீறிச் சுருங்கியதாம். பிழை இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை.

பெரியப்பா மகனுக்கு இப்போது 41. போன மாதம் எக்கோ எடுத்துக்கொண்டார். பாட்டிக்குச் சொல்லவில்லை.