விரல்நுனியில் ஒரு செவ்வொளி

2020 ஏப்ரல் 18 அன்று டோக்கியோவில் தகுவோ அவோயாகி என்னும் பொறியாளர் தமது 84ஆம் வயதில் காலமானார். அந்த வாரத்தில் உலகெங்கும் மருத்துவமனை வாசல்களில் காத்திருந்தவர்களுள் அவர் பெயரைக் கேட்டிருந்தவர் மிகச் சிலரே. ஆனால் அவர்களுடைய விரலைக் கவ்வியிருந்த சிறு கருவி அவருடைய எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். இரண்டு நாள் கழித்து ரிச்சர்ட் லெவிட்டன் என்ற அவசர சிகிச்சை மருத்துவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். கொரோனாவால் நுரையீரல் தாக்குண்டவர்கள் மூச்சுத் திணறலை உணர்வதற்கு முன்பே அவர்கள் குருதியில் பிராணவாயு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுகிறது, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே அதை முன்கூட்டி அறியலாம் என்பது அதன் சாரம். பெரும்பாலும் அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் புழங்கிவந்த கருவி, சில மாதங்களில் தெர்மாமீட்டரைப் போல வீட்டுச் சாமானாகிவிட்டது. அவ்வாண்டு தில்லி அரசு வீட்டில் தனித்திருந்த நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தனுப்பியது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மும்பைத் தாராவியில் சுகாதாரக் குழுக்கள் சந்து சந்தாகச் சென்று காய்ச்சலோடு இதையும் அளந்தன.

உடலில் அணியும் மருத்துவக் கருவிகள் என்றதும் இன்று பேச்சு கைக்கடிகாரங்களுக்குத் தாவிவிடுகிறது. நாம் கடிகாரத்தை விடுத்து இந்தக் கவ்வியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கிற ஊர்களில், ஒருவரை வண்டியேற்றுவதா வீட்டிலேயே வைத்திருப்பதா என்பதை இது காட்டிய எண்ணே தீர்மானித்தது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது, யாருடைய உடல்களைக் கொண்டு அது அளவுகோலாயிற்று என்பது ஒரு வரலாற்றுக் கேள்வி.

பிராணவாயு ஏறிய குருதி செக்கச்செவேலென்றும், இழந்த குருதி கருஞ்சிவப்பாகவும் இருப்பது பழைய செய்தி. நிறத்தை வைத்து அளவைச் சொல்லலாம் என்று 1930களில் லைப்சிக்கில் கார்ல் மாத்தெஸ் காதுமடல் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது கிளென் மில்லிகன் அதைப் போர்விமானிகளுக்காகக் காதில் மாட்டும் கருவியாக ஆக்கினார். உயரப் பறப்பவர்கள் தம்மையறியாமல் மயங்கி விழுவதைத் தடுப்பது நோக்கம். ஆக்ஸிமீட்டர் என்ற சொல்லும் அவர் தந்ததே. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனின் மகனான அவர் 1947இல் மலையேற்றத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார்.

அக்காலக் கருவிகளின் இடர்ப்பாடு ஒன்றுதான். காதுமடலில் தமனிக் குருதி மட்டுமா இருக்கிறது? தோல், சதை, சிரைக் குருதி எல்லாமே ஒளியை விழுங்குகின்றன. எர்ல் வுட் காதை அழுத்திக் குருதியை வெளியேற்றிவிட்டு, அதைச் சுழியமாகக் கொண்டு அளந்தார். ஹ்யூலெட்-பேக்கர்ட் நிறுவனம் 1970களில் எட்டு வெவ்வேறு அலைநீள ஒளிகளைக் கொண்டு இதைத் தீர்க்க முயன்றது. கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பருமன் பெரிது, விலையும் பெரிது. அதை உருவாக்கும்போது கறுப்பினத் தன்னார்வலர்களிடமும் சோதித்தார்கள் என்பதை இங்கே குறித்து வைப்போம். பின்னால் தேவைப்படும்.

அவோயாகி நீகாட்டா மாநிலத்தில் பிறந்தவர். 1971இல் நிஹான் கோடென் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் தேடியது பிராணவாயுவையே அல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்பதை, உடலில் சாயம் ஒன்றைச் செலுத்தி, அது கரைந்து மறையும் வேகத்தைக் காது வழியே ஒளியால் அறிய விரும்பினார். வளைகோடு வந்தது, ஆனால் அதன்மேல் நாடித்துடிப்பு அலையலையாக ஏறிக் கணக்கைக் கெடுத்தது. நம் வைத்தியர்கள் காலங்காலமாக மணிக்கட்டில் தேடிப் பிடித்த நாடி, அவருக்குத் தொல்லையாக வாய்த்தது! சாயம் விழுங்காத அகச்சிவப்பு ஒளியையும் உடன் செலுத்தி, ஒன்றை மற்றொன்றால் சரிக்கட்டித் துடிப்பை நீக்கினார். நீங்கியது. ஆனால் குருதியில் பிராணவாயு குறையும்போதெல்லாம் அந்தச் சரிக்கட்டல் குலைந்தது. குலைவதே அளவு ஆகலாமே என்று அவருக்குத் தோன்றியது இங்கேதான். துடிப்பது தமனி ஒன்றுதான். தோலும் சதையும் துடிப்பதில்லை. ஆகவே துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் தமனிக் குருதியின் பிராணவாயு தெரிந்துவிடும். காதை நசுக்கவும் வேண்டாம், எட்டு ஒளியும் வேண்டாம்.

1974இல் இது காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் மினோல்டா நிறுவனத்தின் அகியோ யமானிஷியும் இதே எண்ணத்துக்குத் தனியாக விண்ணப்பித்தார் என்பது விந்தை. மினோல்டாதான் 1977இல் விரல்நுனிக்குக் கொண்டுவந்தது. 1980களில் அமெரிக்காவில் நெல்கோர் போன்ற நிறுவனங்கள் சிறு ஒளியுமிழ் டையோடுகளைக் கொண்டு அதை மலிவாக்கி, அறுவை அரங்குகளில் நிலைபெறச் செய்தன. அவோயாகியின் பங்கு வெளியுலகுக்குத் தெரிந்தது, ஜான் செவரிங்ஹவுஸும் யோஷியுகி ஹோண்டாவும் 1987இல் வரலாற்றை எழுதிய பிறகே.

இனி அந்த அட்டவணை. விகிதம் கிடைத்துவிட்டது, ஆனால் விகிதம் சதவீதமாகத் தானே மாறிவிடாது. நலமான தன்னார்வலர்களுக்குப் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் தமனியிலிருந்து குருதி எடுத்துச் சோதித்து, இந்த விகிதத்துக்கு இந்தச் சதவீதம் என்று ஓர் அட்டவணை எழுதிக் கருவிக்குள் வைக்கிறார்கள். நம் விரலில் மின்னும் 97 நம்மை அளந்த எண் மட்டுமல்ல, எங்கோ ஓர் ஆய்வகத்தில் மூச்சை ஒப்புக்கொடுத்துப் படுத்திருந்த சிலரோடு நம்மை ஒப்பிட்ட எண்ணும்கூட. அந்தச் சிலர் யார்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேர். அவர்களுள் கருத்த தோலுடையவர் குறைந்தது இருவர், அல்லது 15 விழுக்காடு.

தோலின் கருமை துடிப்பதில்லை, ஆகவே அது கணக்கில் தானாகவே கழிந்துவிடும் என்பது அவோயாகியின் சூத்திரத்தின் அழகு. அழகாக இருந்ததாலேயே யாரும் அதைக் கிளறவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. கிளறியவர்கள் பேச்சும் எடுபடவில்லை. 1990இலேயே அமல் ஜுப்ரானும் மார்ட்டின் டோபினும் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து, வெள்ளையர்க்கு 92 போதுமான இலக்கென்றால் கறுப்பர்க்கு 95 வேண்டும் என்று எழுதினார்கள். முப்பதாண்டு கழிந்தது. 2020 ஆகஸ்டில் எமி மொரான்-தாமஸ் என்ற மானிடவியலாளர் பாஸ்டன் ரிவ்யூ இதழில் இந்தப் பழைய செய்தியைத் தூசு தட்டி எடுத்தார். ஹ்யூலெட்-பேக்கர்டின் மறக்கப்பட்ட கருவியையும் அவர் நினைவூட்டினார். அதைப் படித்த மிச்சிகன் மருத்துவர்கள் தங்கள் பதிவேடுகளைப் புரட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், தமனிக் குருதியில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பரிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியாயிற்று.

அதே மாதங்களில் நம் நாட்டில் என்ன நடந்தது? நோயின் கடுமை 93, 90 என்ற எண்களால் வகுக்கப்பட்டது. 2021 கோடையில் படுக்கைக்காகக் கெஞ்சிய குடும்பங்களுக்கு அந்த ஒற்றை இலக்கம் எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை. நகப்பூச்சைத் துடைத்துவிட்டு அளக்கச் சொன்ன அறிவிப்புகள் எத்தனையோ வந்தன. நம் கண்ணில் பட்டவற்றில் தோலின் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. அமெரிக்கக் கறுப்பரின் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்துவதும் சரியாகாது. 2022இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, ஆசிய வம்சத்தவரிடமும் கருவி கூட்டியே காட்டுகிறது என்றது. ஆனால் அமெரிக்கக் கணக்கில் ஆசியர் என்ற ஒரே சொல்லுக்குள் சீனரும் கொரியரும் ராமநாதபுரத்துக்காரரும் அடங்கிவிடுகிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் மாநிறமும் கருநிறமும் சேர்ந்திருக்கும் ஊர் நம்முடையது. நமக்குரிய அளவை நம் உடல்களிலிருந்துதான் எடுக்கவேண்டும். இதைச் சொல்வதால் கருவியைத் தூக்கி எறியச் சொல்கிறோம் என்று கொள்ளவேண்டாம். அது இல்லாமல் மயக்க மருந்து கொடுத்த காலத்துக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் புதிய வரைவை வெளியிட்டது. 10 பேர் போதாது, 150 பேருக்குக் குறையாமல் வேண்டும் என்றும், தோலின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் பத்துப் படிகள் கொண்ட ஒரு நிற அளவையில் ஒப்பிட்டுக் குறிக்கவேண்டும் என்றும் அது கேட்கிறது. அதுவரை களத்தில் இருக்கும் செவிலியருக்கு உதவுவது பெருந்தொற்றுக் காலத்தில் இங்கே பழக்கத்துக்கு வந்த ஓர் எளிய வழி. ஒரு முறை அளந்துகொண்டு, நோயாளியை ஆறு நிமிடம் நடக்கவிட்டு, அதே விரலில் மீண்டும் அளப்பது. தோல் அதே தோல், அட்டவணையும் அதுவே. நடந்தபின் எண் எவ்வளவு இறங்கிற்று என்று பார்க்கிறார்கள்.