தலைநகரங்கள் கொதித்த பத்தாண்டு - 7: சம்பந்திகளின் ஆட்சி

பாங்காக்கின் ராஜதம்னோன் சாலை நடுவே ஜனநாயக நினைவுச் சின்னம் நிற்கிறது. 24 மீட்டர் உயரத்தில் நான்கு இறக்கைகள். நடுவிலுள்ள பீடத்தில் ஒரு தாம்பாளம், அதன்மேல் அரசியல் சட்டம். 1932-ல் மன்னரின் முழு அதிகாரம் முடிவுக்கு வந்ததன் நினைவாக எழுப்பியது. எழுப்பியவர் பிபுன் சோங்க்ராம் என்ற ராணுவத் தளபதி என்பதும் சேர்ந்த வேடிக்கைதான். 1973-ல் சின்னம் பத்திரமாக இருந்தது. சட்டத்தைத்தான் காணோம்.

எடுத்தவர் பிரதமர் தனோம் கித்திகசோன். 1971 நவம்பர் 17 அன்று தன் ஆட்சியைத் தானே கவிழ்த்து, நாடாளுமன்றத்தைக் கலைத்து, அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். எம்.பி.க்கள் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுக்கிறார்களாம்! துணைப் பிரதமர் பிரபாத், தனோமுக்குச் சம்பந்தி. தனோமின் மகன் கர்னல் நரோங், பிரபாத்தின் மருமகன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் அடங்கிவிடும் அரசாங்கம். மக்கள் அந்த மூவரையும் 'மூன்று கொடுங்கோலர்கள்' என்றார்கள்.

இவர்களை முதலில் அசைத்தது எந்தத் தத்துவமும் அல்ல, காட்டு விலங்குகளின் இறைச்சி. 1973 ஏப்ரல் 29 அன்று நக்கோன் பத்தோம் அருகே ஒரு ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. உள்ளே வேட்டையாடிய விலங்குகளின் உடல்கள். துங்யாய் என்ற காட்டில், அதிகாரிகள் பரிவாரத்தோடு முகாமிட்டு வேட்டையாடியது ஊருக்கே தெரிந்துபோனது. ரகசிய அரசுப் பணி என்று ஆட்சியாளர்கள் சமாளித்தார்கள். மாணவர்கள் விடவில்லை. காட்டில் நடந்ததையெல்லாம் சிறு நூலாக்கி விற்றார்கள். அதே சமயம் தனோம், பிரபாத் இருவரின் ராணுவப் பதவிக்காலமும் ஓய்வு வயதைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தது. ராம்கம்ஹேங் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். துங்யாய் விலங்குகள் சபை கூடி, நிலைமை சரியில்லை என்பதால் மேன்மை தங்கியவரின் பதவியை இன்னும் ஓராண்டு நீட்டித்ததாகக் கேலி எழுதினார்கள். 9 பேரைப் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. ஜூனில் ஆயிரக்கணக்கானோர் நினைவுச் சின்னத்தடியில் திரண்டதும் அந்த 9 பேரும் திரும்ப வகுப்புக்குப் போனார்கள், பல்கலைக்கழகத் தலைவர் பதவியை விட்டுப் போனார். தெருவில் உட்கார்ந்தால் அரசு இறங்கிவரும் என்பதை மாணவர்கள் கண்டுகொண்டது அன்றைக்குத்தான். என் கணக்கில் அக்டோபர் புரட்சிக்கு ஒத்திகை இது.

அக்டோபர் 6. அரசியல் சட்டம் வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்த 11 பேர் கைதானார்கள், பிறகு இன்னும் இருவர். கம்யூனிஸ்ட் சதி என்றது அரசு. அந்தப் பிரசுரத்தில் இருந்ததோ, 1935-ல் முடிதுறந்த மன்னர் பிரஜாதிபோக் எழுதிய கடிதத்தின் வரிகள்! தம்மசாத் பல்கலைக்கழகத்தில் தேர்வுகள் நின்றன. 13-ம் தேதி நண்பகலுக்குள் கைதானவர்களை விடுதலை செய்யாவிட்டால் வீதிக்கு வருவோம் என்று மாணவர்கள் கெடு வைத்தார்கள். கெடு முடிந்தது. தேசியக் கொடியும் மன்னர் படமும் ஏந்தி நான்கு லட்சம் பேருக்குக் குறையாமல் நடந்ததாகச் சொல்கிறார்கள்.

அன்று மாலையே போராட்டம் வென்றுவிட்டது. 13 பேருக்கும் நிபந்தனையற்ற விடுதலை, ஓராண்டுக்குள் அரசியல் சட்டம் என்று அரசு பணிந்தது. ஆனால் பேச்சுவார்த்தைக்குப் போன தலைவர்களுக்கும் தெருவில் கூட்டத்தை நடத்திய சேக்சன் பிரசேத்குனுக்கும் இடையே தொடர்பு அறுந்துபோனது. உள்ளே போனவர்கள் விலைபோய்விட்டார்களோ என்ற சந்தேகம் வேறு. பாதுகாப்புத் தேடி அவர் கூட்டத்தைச் சித்ரலதா அரண்மனைப் பக்கம் நடத்திப்போனார். விடியற்காலையில் மன்னரின் செய்தி வாசிக்கப்பட்டது. கூட்டம் கலையத் தொடங்கியது. கலைந்தவர்களைப் போலீஸ் ஒரு பக்கம் மறித்தது. கைகலப்பு, கண்ணீர்ப்புகை, பிறகு துப்பாக்கி. யார் தொடங்கியது என்ற சண்டை தாய்லாந்தில் இன்னும் ஓயவில்லை. பகலுக்குள் ராஜதம்னோன் சாலையில் டாங்கிகள் வந்தன, ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டார்கள். தொழிற்கல்வி மாணவர்கள் பஸ்களைக் கைப்பற்றி எதிரே ஓட்டினார்கள். அரசுக் கட்டடங்கள் எரிந்தன. 77 பேர் இறந்தார்கள், 857 பேர் காயமடைந்தார்கள்.

மாணவர்கள் மட்டுமே சர்வாதிகாரத்தை வீழ்த்தினார்கள் என்று எழுதுவது அழகாக இருக்கும். முழு உண்மையாக இருக்காது. தரைப்படைத் தளபதி கிரித் சிவாரா மேலும் படை அனுப்ப மறுத்தார். மன்னர் பூமிபோலும் ஆட்சியாளர்களைக் கைவிட்டார். 14-ம் தேதி மாலை அவரே தொலைக்காட்சியில் தோன்றி, தனோம் விலகியதையும் தம்மசாத்தின் தலைவர் சன்யா தம்மசக்தி பிரதமராவதையும் அறிவித்தார். மறுநாள் மூவரும் நாட்டைவிட்டுப் பறந்தார்கள். மாணவர்கள் இந்தக் கணக்கில் ராணுவத்தின் பங்கை மறந்தார்கள். ராணுவம் எதையும் மறக்கவில்லை.

1974 அக்டோபரில் புதிய அரசியல் சட்டம் வந்தது, 1975 ஜனவரியில் தேர்தல் நடந்தது. 1976 செப்டம்பர் 19 அன்று தனோம் திரும்பி வந்தார், இளந்துறவியின் காவி உடையில். தம்மசாத் வளாகத்துக்குள் அக்டோபர் 6 அன்று என்ன நடந்தது? அடுத்த வாரம்.