துயரம் சட்டக் குரலாகும்போது: பிரிவு 15ஏ தரும் உரிமைகள்

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பொறியியல் மாணவர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வெட்டுண்டு உயிர்பிழைத்த இணையர் கௌசல்யா, தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சியம் அளித்தார். சங்கர் பெயரில் சமூகநீதி அறக்கட்டளை தொடங்கி, ஆணவக்கொலைக்கு எதிரான தனிச்சட்டம் கோரிக் களத்தில் நின்றார்.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உள்ளிட்ட 6 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. ஒரு தீர்ப்போடு போராட்டம் முடிவதில்லை.

குற்ற வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி என்பதே நெடுநாள் நடைமுறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 15ஏ இதை மாற்றியது. பிணை உள்ளிட்ட நீதிமன்ற நடவடிக்கைகள் குறித்து முன்னறிவிப்புப் பெறவும், பிணை, விடுவிப்பு, தண்டனை ஆகியவற்றின்போது தம் தரப்பைக் கூறவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. அவருடைய உறவினரும் வாரிசுகளும் இவ்வரையறைக்குள் அடங்குவர். இவ்வறிவிப்பு கட்டாயம் என ஹரிராம் பாம்பி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குத்தம்பாக்கம் போன்ற ஊரில் வன்கொடுமை நிகழ்ந்தால் நாம் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு: முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுதல், பிணை மனு குறித்த அறிவிப்பை எழுத்துமூலம் கோருதல். காவல்துறை தயங்கினால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவிடம் முறையிடலாம். அக்குழு 3 மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. கூடுகிறதா என்று கேட்பதும் நம் அரசியல் பணியே.