முள்ளு, கவுச்சி, காரம்... குழந்தைகள் மீனை ஒதுக்குவது ஏன்? சுறா புட்டுக்கு மாற்று என்ன? முழு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கூட்டம் அலைமோதும். பரங்கிப்பேட்டை, முடசலோடை, கிள்ளை பக்கம் இறங்கும் மீன் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு வந்துசேரும். மதியம் வீடு முழுக்க மீன் குழம்பு வாசனை. ஆனால் தட்டில் மீன் துண்டை வைத்ததும், "எனக்கு வேணாம், முள்ளு குத்தும்" என்று குழந்தை தட்டைத் தள்ளிவிடும். கடைசியில் தயிர் சாதமும் அப்பளமும்தான்.

கடல் பக்கத்திலேயே இருக்கும் ஊர்களில்கூட இது பல வீடுகளில் நடக்கும் கதைதான். குழந்தை மீனை ஒதுக்க என்ன காரணம்? எந்த மீனை எப்படிச் சமைத்தால் சாப்பிடும்? காலங்காலமாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துவரும் சுறா புட்டு நல்லதா? விரிவாகப் பார்க்கலாம்.

குழந்தை ஏன் மீனை ஒதுக்குகிறது?

பொதுவாக நான்கு காரணங்கள் இருக்கும்.

முதலாவது, முள். ஒருமுறை தொண்டையில் முள் சிக்கிய குழந்தை, அடுத்த முறை மீனைப் பார்த்தாலே பயப்படும்.

இரண்டாவது, கவுச்சி வாடை. பெரியவர்களுக்குப் பழகிப்போன வாடை, குழந்தைக்குக் குமட்டலை உண்டாக்கலாம்.

மூன்றாவது, காரம். நம்ம வீட்டு மீன் குழம்பும் வறுவலும் பெரியவர்கள் நாக்குக்காகச் செய்யப்படுபவை. குழந்தை மறுப்பது பல நேரம் மீனை அல்ல, மிளகாயைத்தான்.

நான்காவது, புதுசு என்ற தயக்கம். சுமார் இரண்டு வயதில் இருந்து பழக்கமில்லாத உணவை மறுப்பது குழந்தைகளின் இயல்பு. வளர வளர இது குறையும்.

இதில் உங்கள் குழந்தைக்கு எது பிரச்சினை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முள்ளுக்குப் பயப்படும் குழந்தைக்குக் காரத்தைக் குறைத்துப் பயனில்லை. வாடை பிடிக்காத குழந்தைக்கு முள்ளை எடுத்துக் கொடுத்தாலும் சாப்பிடாது.

மீன் அவசியமா?

மீனில் நல்ல புரதம் இருக்கிறது. மூளை, கண் வளர்ச்சிக்குத் தேவையான டி.எச்.ஏ. என்ற ஒமேகா 3 கொழுப்பு, வைட்டமின் பி12, அயோடின் ஆகியவையும் கிடைக்கின்றன. மத்தி போன்ற கொழுப்பு மீன்களில் வைட்டமின் டி உண்டு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடும் வயது வந்தால் கால்சியமும் சேரும்.

அதிகம் சாப்பிட வேண்டும் என்பதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் வழிகாட்டுதல்படி, குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை மீன் கொடுக்கலாம். ஒரு வேளைக்கான அளவு இதுதான்:

1 முதல் 3 வயது: சுமார் 28 கிராம்
4 முதல் 7 வயது: சுமார் 56 கிராம்
8 முதல் 10 வயது: சுமார் 85 கிராம்
11 வயது: சுமார் 113 கிராம்

அதாவது மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாய் மீனே போதும். "ஒரு துண்டு முழுசா சாப்பிடு" என்று மல்லுக்கட்டத் தேவையே இல்லை.

சுறா புட்டில் என்ன சிக்கல்?

முள் பயத்துக்கு நம்ம கடற்கரை வீடுகள் கண்டுபிடித்த அருமையான வழி சுறா புட்டு. சுறாவுக்கு முள் கிடையாது, குருத்தெலும்புதான். வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, வெங்காயம், பூண்டு போட்டு வதக்கினால் குழந்தை பயமில்லாமல் சாப்பிடும். பால் சுரக்கும் என்ற நம்பிக்கையில் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கும் கொடுப்பது வழக்கம்.

ஆனால் இங்கேதான் ஒரு கவலை இருக்கிறது. கடலில் கலக்கும் பாதரசம், சின்ன மீனில் இருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்குப் போகிறது. மேலே போகப் போக அளவு கூடிக்கொண்டே இருக்கும். வேட்டையாடும் மீன், அதிலும் பல வருடம் வாழும் மீன் என்பதால் சுறாவின் உடலில் அது அதிகம் சேர்கிறது.

எஃப்.டி.ஏ. வெளியிட்டுள்ள பட்டியலில் சுறாவில் சராசரியாக கிலோவுக்கு கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் பாதரசம். மத்தியிலும் நெத்திலியிலும் 0.02 மில்லிகிராமுக்கும் குறைவு. 50 மடங்குக்கும் மேல் வித்தியாசம். இவை அமெரிக்கச் சந்தை மீன்களின் அளவு. நம்ம ஊரில் விற்கும் சின்ன சுறாக்களில் குறைவாக இருக்கலாம். ஆனால் மார்க்கெட்டில் துண்டு போட்டு வைத்த சுறா எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்?

பாதரசம் வளரும் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடியது. அதனால்தான் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த அமைப்பு சொல்கிறது. எந்தச் சமையல் முறையிலும் பாதரசம் போகாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினாலும் பயனில்லை.

எப்போதோ ஒருமுறை சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். வாரா வாரம் குழந்தைக்குச் சுறா புட்டு என்ற பழக்கத்தை மாற்றினால் போதும். புட்டை விட வேண்டியதில்லை, மீனை மட்டும் மாற்றுங்கள்.

குழந்தைகளுக்கு எந்த மீன் வாங்கலாம்?

கிழங்கான்: வெள்ளைச் சதை, மிருதுவாக இருக்கும், வாடை குறைவு. வெந்ததும் நடு முள்ளைப் பிடித்து இழுத்தால் சதை சுலபமாகப் பிரியும். முதன்முதலில் மீன் கொடுக்க ஏற்றது.

நெத்திலி: தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, விரலால் வகுந்தால் நடு முள் அப்படியே வந்துவிடும்.

கொடுவா: தடித்த சதை, பெரிய முள். கண்ணுக்குத் தெரியும் என்பதால் எடுப்பது சுலபம். புட்டுக்கும் கட்லெட்டுக்கும் சரியான மீன்.

பாறை: சின்ன, நடுத்தர அளவு பாறையில் சதை கெட்டியாக இருக்கும். உதிர்த்தால் புட்டு நன்றாக வரும்.

மத்தி: சத்து அதிகம், விலை குறைவு. ஆனால் பொடி முள் நிறைய. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், முள் எடுக்கத் தெரிந்த வயதில் கொடுக்கலாம்.

வஞ்சரம்: முள் குறைவு என்பதால் பலரின் தேர்வு இதுதான். ஆனால் இதுவும் வேட்டையாடும் மீன். பெரிய வஞ்சரத்தை அடிக்கடி கொடுக்காமல் எப்போதாவது கொடுங்கள்.

கருவாடு: உப்பு மிக அதிகம். சின்னக் குழந்தைகளுக்குத் தவிர்ப்பது நல்லது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறும். அந்த நாட்களில் நாட்டுப் படகில் கரையோரம் பிடித்துவரும் சின்ன மீன்களைத் தேடி வாங்கலாம்.

கவுச்சியைக் குறைப்பது எப்படி?

கடல் மீன் செத்த பிறகு பாக்டீரியாக்களால் டிரைமெத்திலமின் என்ற பொருள் உருவாகிறது. கவுச்சி வாடைக்கு முக்கியக் காரணம் இதுதான். நேரம் ஆக ஆக வாடை கூடும். எனவே முதல் வழி, புது மீன் வாங்குவது. கண் தெளிவாகப் பிதுங்கி இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், சதையை அழுத்தினால் குழி விழாமல் மேலே வர வேண்டும்.

இரண்டாவது, மீனை நன்றாக ஆய்வது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலையும், நடு முள் ஓரம் உறைந்திருக்கும் ரத்தத்தையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். வாடையும் கசப்பும் பாதி குறையும்.

மூன்றாவது, புளிப்பு. டிரைமெத்திலமின் காரத்தன்மை உடையது. புளித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பட்டால் அதன் வாடை அடங்கிவிடும். மீன் குழம்பில் நம்ம பாட்டிமார் புளி ஊற்றியதில் இந்த வேதியியலும் அடங்கியிருக்கிறது. கல் உப்பு, மஞ்சள் தூள், கொஞ்சம் புளி சேர்த்து 5 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள்.

வீடு போய்ச் சேர நேரம் ஆகும் என்றால் ஐஸ் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டதும் முகம் சிவப்பது, தலைவலி, வாந்தி எல்லாம் இதனால் வரலாம்.

1. கிழங்கான் தேங்காய்ப்பால் சொதி (காரம் ஆகாத குழந்தைக்கு)

நான்கு கிழங்கானை ஆய்ந்து கழுவிக்கொள்ளுங்கள். சட்டியில் இரண்டாம் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர் ஊற்றி, நறுக்கிய சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு போட்டு வேகவிடுங்கள். வெங்காயம் வெந்ததும் மீனைப் போடுங்கள். 6, 7 நிமிடத்தில் வெந்துவிடும். முதல் பால் அரை டம்ளர் ஊற்றி, கொதிக்கும் முன் இறக்கி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். முள்ளை எடுத்து, குழைந்த சாதத்தில் பிசைந்து ஊட்டலாம்.

2. சுறா இல்லாத மீன் புட்டு (முள்ளுக்குப் பயப்படும் குழந்தைக்கு)

கொடுவா அல்லது பாறை கால் கிலோ. மஞ்சள், உப்பு சேர்த்து 10 நிமிடம் வேகவைத்து ஆறவிடுங்கள். தோலையும் முள்ளையும் நீக்கி, வெள்ளைத் தட்டில் பரப்பி விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். இதை இரண்டு முறை செய்வது கட்டாயம். சுறாவுக்குத் தேவைப்படாத வேலை இது, இங்கே விட்டுவிடக் கூடாது.

தண்ணீரைப் பிழிந்துவிட்டு உதிர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் சோம்பு தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல், சிறு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். மீனைச் சேர்த்து, சிறு தீயில் பொலபொலவென்று வரும் வரை கிளறுங்கள். கடைசியில் கொஞ்சம் மிளகுத் தூள், இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல். பெரியவர்களுக்குப் பச்சை மிளகாய் வேண்டுமென்றால், குழந்தைக்கு எடுத்துவைத்த பிறகு சேருங்கள்.

3. புட்டை வைத்தே பணியாரம், தோசை, கட்லெட் (பார்த்ததும் மறுக்கும் குழந்தைக்கு)

பணியாரக் குழியில் பாதி மாவு ஊற்றி, ஒரு ஸ்பூன் புட்டு வைத்து, மேலே மாவு ஊற்றி வேகவிட்டால் மீன் பணியாரம் ரெடி. தோசை மேல் தூவி மடித்தால் மீன் தோசை. வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, ரஸ்க் தூளில் புரட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் இருபுறமும் சிவக்கவிட்டால் கட்லெட். ஸ்கூல் விட்டு வரும் நேரத்துக்குச் சரியான தின்பண்டம்.

4. நெத்திலி மொறுமொறு வறுவல் (கொஞ்சம் பெரிய குழந்தைக்கு)

தலை, குடல், நடு முள் நீக்கிய நெத்திலியில் அரிசி மாவு இரண்டு ஸ்பூன், மஞ்சள், உப்பு, காஷ்மீரி மிளகாய்த் தூள் அரை ஸ்பூன், எலுமிச்சைச் சாறு சேர்த்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். தோசைக்கல்லில் பரப்பி மொறுமொறுப்பாக எடுங்கள். சிப்ஸ் மாதிரி கையில் எடுத்துச் சாப்பிடலாம்.

எவ்வளவு நாளில் பழகும்?

ஒரு புது உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரைகூட வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்கின்றன ஆய்வுகள். நாம் பெரும்பாலும் இரண்டு மூன்று முறையிலேயே "இவனுக்கு மீன் புடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு ஸ்பூன் வையுங்கள். தொட்டுப் பார்த்தாலும் சரி, மோந்து பார்த்தாலும் சரி. மறுத்தால் திட்ட வேண்டாம், அடுத்த வாரம் மறுபடி வையுங்கள்.

"மீன் சாப்பிட்டா சாக்லேட்" என்று பேரம் பேசுவதும் வேண்டாம். மீன் ஒரு தண்டனை மாதிரி ஆகிவிடும். "இது சிக்கன்" என்று பொய் சொல்லிக் கொடுப்பதும் தவறு. கண்டுபிடித்துவிட்டால் அடுத்து நீங்கள் எதைக் கொடுத்தாலும் சந்தேகம்தான் வரும். அதைவிட, மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் "எந்த மீன் வேணும்?" என்று கேளுங்கள். தான் தேர்ந்தெடுத்த மீனைச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆசை தானாக வரும்.

கவனிக்க வேண்டியவை

முதன்முதலில் மீன் கொடுக்கும்போது மிகக் கொஞ்சமாகக் கொடுங்கள். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தொண்டையில் முள் சிக்கினால் வெறும் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்க வைக்காதீர்கள். முள் இன்னும் ஆழமாக இறங்கலாம். விரல் விட்டு எடுக்கவும் முயல வேண்டாம். இருமவிட்டுப் பாருங்கள். வலி நிற்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போவதே சரி. மூச்சுவிடச் சிரமப்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், சின்ன மீன், புது மீன், குறைந்த காரம், இரண்டு முறை முள் பார்த்த தட்டு. இந்த நாலும் இருந்தால், மீனை ஒதுக்கும் குழந்தையும் மெதுவாகத் தட்டைப் பக்கத்தில் இழுக்கும். இந்த ஞாயிறு ஒரு ஸ்பூன் புட்டில் இருந்து தொடங்கிப் பாருங்கள்.